வங்குரோத்துச் சட்டம் (இலங்கை)

கடனை இறுக்க வழியற்றுப்போன ஒருவரின் ஆதனம் யார் யாருக்கு எந்த ஒழுங்கில் போகும், அவர் கையில் எது மிஞ்சும், பழைய கடன் அவரை எப்போது விடும் என்பவற்றைத் தீர்மானிப்பது வங்குரோத்துச் சட்டம். இலங்கையில் தனியாளுக்கு 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், கம்பனிக்கு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. ஆனால் திருகோணமலைப் பட்டினத்தை ஒட்டிய பாலையூற்றில் கடன்பட்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இவ்விரண்டும் அநேகமாக எட்டுவதில்லை. அவர்களுடைய தலைவிதி ஈட்டுறுதியிலும் காசோலையிலும் குழுக்கடன் புத்தகத்திலும் தங்கியிருக்கிறது.

ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டத்தில், கடன்பட்டவர் தன் உடைமை அனைத்தையும் கடன் கொடுத்தோரிடம் ஒப்படைத்துச் சிறையிலிருந்து தப்பலாம். கடன் மட்டும் அழியாது. பின்னாளில் அவர் தேடும் சொத்தையும் அது துரத்தும். 1795 இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னரும், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அந்தச் சட்டம் தொடர்ந்தது.

1853 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1849 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது. மாவட்ட நீதிமன்றத்தில் மனு, வர்த்தமானியில் அறிவித்தல், கடன் கொடுத்தோர் கூட்டம், சொத்தைப் பொறுப்பேற்று விற்கும் ஒரு பொறுப்பாளர் என்று நடைமுறை நகரும். விசாரணை முடியும்வரை கடன்பட்டவருக்குக் கைதிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். இறுதியில் நீதிமன்றம் வழங்கும் சான்றிதழ் மூன்று தரமாக இருந்தது. தவிர்க்க முடியாத நட்டத்தால் முறிந்தவருக்கு முதலாந் தரம். ஓரளவு தன் தவறும் கலந்திருந்தால் இரண்டாந் தரம். முழுவதும் தன் செயலே காரணமென்றால் மூன்றாந் தரம். கடன்பட்டவரின் மானத்தை நீதிமன்றமே தரம் பிரித்து எழுதிக்கொடுத்த இந்த ஏற்பாடு கொடியது. ஆனால் விடுதலை என்ற ஒன்று உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டதும் இச்சட்டமே.

கோப்பிப் பயிரை நோய் அழித்த பின் 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் நாணயத்தாளை மடியில் முடிந்து வைத்திருந்த ஒவ்வொருவரும் அன்று கடன் கொடுத்தவராகவே நின்றார். ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பேரில் அத்தாள்களுக்கு உத்தரவாதம் அளித்தார். அதே ஆண்டில் அரசே நாணயத்தாள் வெளியிடச் சட்டம் வந்தது. சிறு கடன் கொடுத்தோரைக் காக்க ஓர் அரசு விரைந்து செயற்பட்டதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் இத்தீவில் இல்லை. 1920களில், வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த சில செட்டியார் கடைகள் முறிந்ததும் ஐரோப்பிய வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைச் சுருக்கிக்கொள்ள, உள்ளூர் வியாபாரம் தவித்தது. இந்நிலையை ஆராய 1934 இல் இந்திய வங்கியாளர் பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1939 இல் இலங்கை வங்கி திறந்தது.

கடன்பட்டவரின் உரிமையை மிக நெருக்கமாகப் பேசுவது 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு. நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வீட்டுக்கு வந்து பொருள்களைக் கைப்பற்றும்போதும் உடுதுணி, படுக்கை, தொழிற்கருவி ஆகியவற்றைத் தொடக்கூடாது. கமக்காரனிடமிருந்து உழவுக் கருவியையும், நீதிமன்றம் அவசியமெனக் கருதும் மாட்டையும் விதை நெல்லையும் எடுக்கக்கூடாது. பிழைப்புக்கான வழியைப் பறித்தால் கடனும் திரும்பாது என்ற தெளிவு இதில் இருக்கிறது. தையல் இயந்திரத்தை நம்பி வாழும் பெண்ணுக்கு இந்த ஒரு பிரிவைத் தெரிந்திருப்பது பெரிய பலம்.

1941 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான கடன் இணக்கச் சபை, ஈட்டுக் கடனையும், மீட்கும் நிபந்தனையோடு காணியை விற்றதாக எழுதிக்கொடுத்த கடனையும் பேசித் தீர்க்க வழிசெய்தது. பின்னதில் உறுதி விற்பனை என்று சொல்லும். உண்மையில் அது வட்டிக் கடன். தவணை முடியுமுன் சபையிடம் போகாதவர் காணியை இழப்பார்.

1990 இல் காற்று கடன் கொடுத்தோர் பக்கம் வீசியது. அவ்வாண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு விரைவான வழக்குமுறையைத் தந்ததோடு, கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுப்பதைக் குற்றமாக்கியது. 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபையின் தீர்மானத்தால் ஈட்டு ஆதனத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தை ஏனைய வங்கிகளுக்கும் விரித்தது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம், முதற்தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தது.

முறிந்த கம்பனியில் ஈட்டுரிமை உள்ளவர் தம் ஆதனத்திலிருந்து எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் கலைப்பாளரின் செலவு, ஊழியர் சம்பளம், சேமலாப நிதி, வரி ஆகியவை முன்னுரிமை பெறும். கடனுக்குச் சரக்குக் கொடுத்த கடைக்காரர் வரிசையின் பின்னால் நிற்பார். திருகோணமலைத் துறைமுகத்தை நம்பிய கம்பனியானாலும் வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போவதால், சிறிய கடன் கொடுத்தோர் பலர் பயணச் செலவை நினைத்தே கைவிடுகிறார்கள். அயல்நாடான இந்தியாவோ 2016 ஆம் ஆண்டுக் கோவையில் நிறுவன நொடிப்புத் தீர்வுக்கு 180 நாள் என்று காலக்கெடு வைத்து, பின்னர் வெளியெல்லையை 330 நாளாக்கியது.

போருக்குப் பின் கிழக்கில் பரவிய நுண்கடனுக்கு ஈடு கிடையாது. பெண்கள் குழுவாக இருந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் அக்கம்பக்கத்தவளே வந்து கேட்பாள். 1853 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடி இவர்கள் மாவட்ட நீதிமன்றம் ஏறுவதில்லை; ஏறவேண்டிய செலவு கடனைவிடப் பெரிது. 2018 இல் அரசு, திருகோணமலை உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. 2021 இல் கிங்குராக்கொடையில் நுண்கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வங்குரோத்துச் சட்டம் உரிமையாகத் தந்திருக்கவேண்டியதை இவர்கள் சலுகையாகவும் போராட்டமாகவும் கேட்கவேண்டியிருந்தது.

கடன் கொடுத்தோரிலும் ஏழைகள் உண்டு. 2020 மே மாதத்தில் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, வைப்புக் காப்புறுதியின்படி ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரையே கிடைத்தது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் அங்கு போட்டிருந்தவர்கள் மிச்சத்துக்குக் கலைப்பு நடவடிக்கையைப் பார்த்திருக்க நேர்ந்தது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வியாபாரிகளின் குரலுக்குச் செவிசாய்த்த பாராளுமன்றம் பராட்டே அதிகாரத்தை 2024 டிசம்பர் 15 வரை இடைநிறுத்தியது; பின்னர் அது 2025 மார்ச் 31 வரை நீண்டது. வைப்பாளரின் பணத்தைத்தான் நாங்கள் கடனாகக் கொடுத்தோம் என்று வங்கிகள் வாதிட்டன. குழுக்கடன் எடுத்தவர்களுக்கு இந்த இடைநிறுத்தத்தால் எதுவும் மாறவில்லை. அவர்களிடம் ஏலம்விட ஈடே இருந்ததில்லை.