தீவிரவாதி என்னும் பெயர்: சபரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நுவரெலியா மாவட்டத்திற் போலன்றி, சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பிரதேசம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தேயிலையும் இறப்பரும் வளரும் சரிவுகளில் லயங்களும், அவற்றை அடுத்துக் கிராமங்களும் மாணிக்கக் குழிகளும் அமைந்துள்ளன. சிறு தொகுதிகளாக இவ்வாறு வாழும் தொழிலாளருக்கு, அரசு எவரை ஆபத்தானவர் என வகுக்கின்றது என்பது சட்டநூல் வினா மட்டுமன்று; அன்றாடப் பாதுகாப்புப் பற்றிய வினாவுமாகும்.

இவ்வகுப்பு முறையின் தொடக்க நிலையினைப் பிறேஸ்கேடில் விவகாரத்திற் காணலாம். தேயிலைத் தோட்டத்திற் பயிற்சி பெற அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அவ்விளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று கூட்டங்களிற் பேசினார். 1937 ஏப்ரலில், 48 மணித்தியாலத்துள் நாட்டை விட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவருக்கு ஆணையிட்டார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவசரநிலை நிலவாதபோது அவ்வதிகாரம் செல்லாது எனத் தீர்த்து, மே மாதத்தில் அவரை விடுவித்தது. பேச்சு வேறு, கிளர்ச்சி வேறு என்னும் வரம்பு அங்குக் காக்கப்பட்டது.

ஆயின், அவசரநிலையே வழமையாகும்போது அவ்வரம்பு என்னாகும்? போர்க்கால விதிகளின் கீழ் 1940 இல் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். கேகாலை மாவட்டத்து றுவான்வெல்லையைப் பிரதிநிதித்துவப்படுத்திய என். எம். பெரேராவும் அவர்களுள் ஒருவர். 1947 இல், பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்த காலத்திலே, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1971 இல் அச்சட்டத்தின் அதிகாரங்களைக் கொண்டு மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியை அடக்கிய அரசாங்கத்தில் என். எம். பெரேரா நிதி அமைச்சராக விளங்கினார் என்பது அவதானிக்கத்தக்கது.

அக்கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. பொலிசாரும் பத்திரிகைகளும் இளைஞரைச் ‘சேகுவேராக்காரர்’ என ஒரே பெயரிட்டு அழைத்தனர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டனர். 1972 இன் குற்ற நீதி ஆணைக்குழுச் சட்டமோ, சாதாரண நீதிமன்றில் ஏற்கப்படாத பொலிஸ் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. இம்முன்னணியின் வகுப்புகள் இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றிப் போதித்தபோது, தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகவே நோக்கின என்பதும் மறத்தற்குரியதன்று. அரசினால் ஐயுறப்பட்டோரும் தொழிலாளரை ஐயுற்றனர்.

1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இப்போக்கினை நிலைப்படுத்தியது. அது குற்றங்களை நிரைப்படுத்தியதேயன்றிப் பயங்கரவாதம் யாதென வரையறுக்கவில்லை. அமைச்சருக்குச் சந்தேகம் தோன்றின், ஒருவரை மும்மாதத் தவணைகளாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கலாம். தற்காலிகமெனக் கூறப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 இலேயே அவ்வெல்லை பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. இதனால், செயலை ஆராய்வதற்கு முன்னரே ஆளை வகுக்கும் முறை வலுப்பெற்றது எனலாம்.

ஆளை வகுப்பதற்கு அடையாளம் வேண்டும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலரிடம் தேசிய அடையாள அட்டை இருக்கவில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் அட்டையின்மையும் தமிழ்ப் பெயருமே சந்தேகத்துக்குப் போதிய காரணங்களாயின. மறுபுறம், இன ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சையும் குற்றமெனக் கூறிய அச்சட்டம் நடைமுறையிலிருக்கையிலேயே, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டனர், லயங்கள் எரிக்கப்பட்டன. தாக்கியோருக்கு வழங்கிய பெயர் ‘காடையர்’ என்பதே, ‘பயங்கரவாதி’ என்பதன்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அமைப்புடையோர் தம்மீது இடப்பட்ட பெயரைக் கடந்து செல்லக் காலம் இடமளித்துள்ளது. 1940 இன் கைதி 1970 இல் அமைச்சரானார். 1983 இல் தடைசெய்யப்பட்ட மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் 2024 செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். அமைப்போ அட்டையோ இல்லாத தோட்டத்து இளைஞனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தடுப்புக் காவலில் அவன் இழந்த மாதங்களை எத்தேர்தலும் மீட்டுத்தரமாட்டாது. ஆகவே, வன்செயலைத் தடுக்கும் சட்டம் எதுவாயினும் அது செயலைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். சந்தேகத்தை நீதிமன்றின் ஆய்வுக்கு உட்படுத்துதலும் வேண்டும். 1937 இன் தீர்ப்பு இன்றும் பயிலத்தக்கதாக விளங்குவது இதனாலேயாம்.