அந்திமந்தாரையின் நிற மரபியல்

அந்திமல்லி என்றும் வழங்கும் அந்திமந்தாரையின் தாவரவியல் பெயர் மிராபிலிஸ் ஜலாபா. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. சாயங்காலம் மலர்ந்து மறுநாள் காலையில் வாடிவிடும். ஒரே செடியில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும், சில வேளை பாதி மஞ்சள் பாதி சிவப்பான பூவும் பூப்பதுண்டு. நிறம் ஏறிய பகுதி அல்லி இதழ் அன்று. அல்லிபோல் தோற்றம் கொண்ட புல்லிவட்டம்.

18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியரான கோல்ராய்ட்டர் இச்செடியில் கலப்பினங்கள் உண்டாக்கினார். பட்டாணிக்குப் பிறகு மெண்டலும் இதைக் கையிலெடுத்தார். கருவுற ஒரு மகரந்தத்தூள் போதாது என்று பிரான்சின் நோதேனும் அவரையொட்டி டார்வினும் கருதியிருந்தனர். மெண்டல் சூல்முடியில் ஒற்றைத் தூளை வைத்தே நல்ல விதை எடுத்தார். 1870இல் அதைத் தாவரவியலாளர் நேகெலிக்குக் கடிதமாக எழுதினார். மெண்டல் அவருக்கு எழுதிய கடிதங்களை 1905இல் அச்சேற்றியவர் நேகெலியின் மாணவர் காரல் கோரென்ஸ்.

கோரென்ஸின் சோதனையே பாடநூல்களில் நிலைத்தது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுதும் இளஞ்சிவப்பு; அதைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1 விகிதத்தில் வரும். இது முழுமையற்ற ஓங்குதன்மை. சாயம்போல் நிறங்கள் கலந்துவிட்டதாகச் சொல்வது பிழை. கலந்திருந்தால் தூய வெள்ளை பேரப்பிள்ளைகளில் திரும்பி வராது.

ரோஜா, செம்பருத்தி, சங்குப்பூ ஆகியவற்றுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின். அந்திமந்தாரையில் அது இல்லை. டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் பீட்டாலைன் உள்ளது. பீட்ரூட், காகிதப்பூ, கோழிக்கொண்டை, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றிலும் இதுவே. இவ்விரு நிறமிகளும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து கண்டறியப்பட்டதில்லை. பீட்டாலைன் செடிகளின் வரிசையிலேயே அடங்கும் கார்னேஷனோ ஆந்தோசயனின் பக்கம் நிற்கிறது. பீட்டாலைன் ஒரே முறை தோன்றிச் சில கிளைகளில் மறைந்தது என்பது பழைய கருத்து. பலமுறை தனித்தனியே தோன்றியது என்பதே மரபணுச் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

மஞ்சள் பூவில் விழும் சிவப்புக் கீற்றுக்குக் காரணம் தாவும் மரபணு. சிவப்பை ஆக்கும் மரபணுவுக்குள் அது புகுந்திருக்கும்வரை மஞ்சள் மட்டுமே. அது வெளியேறிய செல்லின் வழிவந்த செல்கள் கீற்றாகச் சிவக்கும். மஞ்சள் நிறமி நீல ஒளியை வாங்கிப் பச்சையாக ஒளிர்வது 2005இல் தெரியவந்தது.