இறால் வெட்டிய நீர்வழி

2003இல் அமெரிக்காவின் மயாமியில், ஊருக்குக் குடிநீர் தரும் கிணறு ஒன்றுக்குச் சற்றுத் தள்ளி, நிலத்தடியில் சிவப்புச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள் புவியியலாளர்கள். அது கிணற்றை எட்ட இரண்டு மூன்று நாளாகும் என்பது கணக்கு. சில மணி நேரத்திலேயே வந்து சேர்ந்தது. வீட்டுக் குழாய்களில் தண்ணீர் சிவந்து கொட்டியது.

மயாமிக்கு அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள் இத்தனை தாராளமான வழி எப்படி வந்தது?

ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரம். மயாமி இருக்கும் இடத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடல். அலையில் உருண்டு திரண்ட சுண்ண மணலுக்குள் காலியனாசிட் வகை இறால்கள் வளை தோண்டி வாழ்ந்தன. தளர்ந்த மணல் சரிந்துவிடுமே! சேற்றைத் தன் பசையில் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி, சுவரில் வரிசையாக அப்பியது இறால். அதனால்தான் அந்த வளையின் வெளிப்புறம் பாகற்காய்த் தோல்போலப் புடைத்தும், இறால் நடமாடிய உட்புறம் வழவழப்பாகவும் இருக்கிறது. மரவேர் விட்டுச்சென்ற துளைக்கு இந்தப் பூச்சு இராது.

இறாலின் மெல்லிய ஓடு கல்லாவது அரிது. மிஞ்சினால் ஒரு கொடுக்கு கிடைக்கும். அதன் வீடுதான் சாட்சி. அந்தச் சாட்சியத்தைப் படிக்க உயிருள்ள உறவினர்கள் உதவினார்கள். ராபர்ட் வைமரும் ஜான் ஹோய்ட்டும் ஜார்ஜியா மாநிலத்துச் சபெலோ தீவில் இன்றைய இறால் வளைகளைப் பழைய பாறையின் வளைகளோடு ஒப்பிட்டு, 1964இல் வெளியிட்டார்கள். 'ஓஃபியோமார்ஃபா' எனப்படும் அந்தப் புடைப்பு வளை, பழங்கடலின் ஆழமற்ற கரையோரத்தைக் காட்டும் அடையாளமானது.

பனியுகத்தில் கடல் பின்வாங்கியது. மணல் இறுகிக் கல்லானது. மழைநீர் வளைகளுக்குள் அடைந்திருந்த தளர்ந்த மண்ணை அரித்தது, சுற்றியிருந்த சுண்ணத்தைக் கரைத்தது. பக்கத்துப் பக்கத்து வளைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மயாமிச் சுண்ணாம்புக்கல்லிலும் அதற்கடியில் உள்ள பழைய படுகைகளிலும் தண்ணீர் விரைந்தோடும் அடுக்குகள் பல இப்படிப் பிறந்தவை என்று கெவின் கன்னிங்ஹாமும் அவர் குழுவினரும் 2009இல் எழுதினார்கள். லட்சக்கணக்கானோரின் தாகம் தீர்க்கும் பிஸ்கேன் என்னும் இந்த நீர்த்தேக்கப் பாறையில் இந்த எளிய உயிருக்கு உரிய பங்கை, பள்ளிப் பாடத்திலேயே சொல்ல வேண்டும் என்பேன். நன்னீர் ஓடும் இதே பாறைக்குள்தான் கடலோரத்தில் உப்புநீரும் புகுகிறது. எந்தத் துளை எந்தத் துளையோடு சேர்கிறது என்பதை ஆராய்வது அந்த ஊருக்குக் குடிநீர்க் காவல்.