புளியங்கொட்டை மாவு: பாவுக் கஞ்சியிலிருந்து கண் சொட்டு மருந்து வரை

திருப்பதி மாவட்டத்துப் புத்தூரும் நாராயணவனமும், சித்தூர் மாவட்டத்து நகரியும் விசைத்தறி ஊர்கள். தறியில் பாவு நூல் உராய்வையும் இழுப்பையும் தாங்க வேண்டுமானால் முதலில் அதற்குக் கஞ்சி ஏற்ற வேண்டும். இதே நிலப்பகுதியின் மேற்கில் புங்கனூர் புளி வணிகத்துக்குப் பேர்போனது. அங்கே புளியிலிருந்து எடுத்துப் போடும் கொட்டை, பாவுக் கஞ்சியாக ஆலைக்குள் நுழைந்து பல தொழில்களின் சேர்பொருளாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மாவிலுள்ள கலப்புகளைப் பொறுத்துக்கொண்ட தொழில்கள், அவற்றை நீக்கக் கற்ற தொழில்கள் என்ற இரு வழிகளில் இந்த வரலாறு பிரிந்து சென்றது என்பது இதன் வாதம்.

கைவினைப் பசை

புளியங்கொட்டையின் ஒட்டும் குணம் நம் கைவினைஞர்களுக்குப் பழக்கமானதே. ஒடிசாவின் பட்டச்சித்திரத் துணியை விறைப்பாக்கவும், கொண்டபள்ளிப் பொம்மைகளின் மூட்டுகளை மரத்தூளோடு சேர்த்து ஒட்டவும் இதன் பசை பயன்பட்டது. அப்போதைக்கப்போது காய்ச்சித் தீர்க்கும் பண்டமாகவே அது இருந்தது.

1942: போர்க்காலத் தேடல்

இரண்டாம் உலகப் போரின்போது, நூலுக்கு ஏற்றும் மாவுச்சத்துக்கு மாற்று தேட வேண்டியிருந்தது. 1942-இல் டி.பி. கோஷ், எஸ். கிருஷ்ணா என்ற அறிவியலாளர்கள், தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பில் 46 முதல் 48 விழுக்காடு வரை கூழ்மமாகும் பொருள் உள்ளதென அறிவித்தனர். அடுத்த ஆண்டே மாவு வணிகப் பொருளாயிற்று. கொட்டையில் சுமார் 30 விழுக்காடு தோல், எஞ்சியது பருப்பு. கொட்டையை வறுத்தால் தோல் நொறுங்கிப் பிரியும். பிறகு பருப்பை அரைத்துச் சலிப்பார்கள்.

சைலோகுளுக்கன் என்ற பல்சர்க்கரையே மாவின் சாரம். சூடான நீரில் அது ஊதிக் கெட்டியாகி, நூலின் மேல் படலமாகப் படியும். குறைகளும் இருந்தன. ஒட்டிய தோல்துகள் துணிக்குப் பழுப்பேற்றும். பருப்பின் கொழுப்பு நாளடைவில் சிக்கெடுக்கும். மாவுச்சத்துக் கஞ்சியைக் கரைத்தெடுக்கும் அமைலேஸ் நொதி இதனிடம் பலிக்காது. வெளுத்துச் சாயமேற்றும் மெல்லிய பருத்தித் துணியில் இவை பெருங்குறைகள். சணலிலும் தடித்த துணியிலும் அவ்வளவாக உறுத்தவில்லை.

கலப்பு பொருட்டல்லாத இடங்கள்

நிறம் பற்றிக் கவலைப்படாத தொழில்களுக்கு முரட்டு மாவே போதும். கொசுவர்த்திச் சுருளைப் பிணைக்கவும், ஒட்டுப்பலகைப் பசையிலும் அது இடம் பிடித்தது. ரப்பர் பாலைச் செறிவாக்கவும் உதவிற்று: மாவுக்கரைசல் சேர்த்து அசையாமல் வைத்தால் ரப்பர் துகள்கள் ஆடைபோல மேலே திரளும், அடியில் தங்கும் நீர்மத்தை வடித்துவிடலாம்.

கலப்பை நீக்கிய வழி

மாவை வேதிமுறையில் மாற்றியது அடுத்த படி. கார்பாக்சிமீத்தைல் தொகுதி சேர்த்தால் குளிர்ந்த நீரிலும் கரையும். பாலியெஸ்டர் துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்கி, கோடு கலையாமல் காத்து, அலசும்போது இலகுவில் நீங்கும். கஞ்சியாகத் தடுமாறிய ஜவுளித் தொழிலுக்கே மாவு அச்சுப்பசையாகத் திரும்பி வந்தது இவ்விதம்தான்.

உணவுத் துறைக்கு இது போதவில்லை. கொழுப்பும் புரதமும் அகல வேண்டும். தூய்மைப்படுத்திய பிசினை ஜப்பானின் டைனிப்பான் நிறுவனம் 1964-இல் வணிகமாக்கியது. பெக்டின் கூழாக உறைய அமிலம் வேண்டும். இதற்குச் சர்க்கரையே போதும். இதனால் சாஸ், ஐஸ்கிரீம் வகைகளில் அது புகுந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு 2017-இல் அதை உணவுச் சேர்பொருளாக மதிப்பிட்டு, தினசரி உட்கொள்ளலுக்கு எண்ணளவில் வரம்பு தேவையில்லை என்றது. இன்னும் தூய வடிவம், கண்ணின் ஈரப்படலத்திலுள்ள மியூசினைப் போல மேற்பரப்பில் ஒட்டி நிற்பதால், உலர்கண்ணுக்கான சொட்டு மருந்திலும் சேர்ந்தது.

முடிவுரை

கொசுவர்த்திக்கும் கண் மருந்துக்கும் மூலக்கூறு ஒன்றே. வேறுபடுவது அதனோடு மிஞ்சியிருக்கும் தோல், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் அளவு. ஆகவே இந்தச் சேர்பொருளின் மதிப்பை நிர்ணயிப்பது மரங்களின் எண்ணிக்கையைவிடத் தூய்மைப்படுத்தும் நுட்பமே. புளி விளையும் மாவட்டங்கள் கொட்டையை மூட்டை கட்டி அனுப்புவதோடு நின்றால், அந்த மதிப்பின் பெரும்பகுதி வேறு ஊர் ஆலைகளுக்கே சேரும்.