லாடம் அடித்த பூட்ஸிலிருந்து ரப்பர் அடிக்கு: மலையேறிகளின் கால் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மாலைத் தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் அங்குள்ள மலைகளில் நடக்கப் போகிறானாம். "சார், பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒன்று மரக்கட்டை மாதிரி வளையவே மாட்டேன் என்கிறது, இன்னொன்று வளைகிறது. எதை வாங்குவது?" என்று கேட்டிருந்தான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! ஆனால் அவன் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் மலையேற்றம் தொடங்கிய காலத்தில் எல்லோருக்கும் தோல் பூட்ஸ்தான். அடியில் இரும்பு ஆணி. நம் ஊரில் செருப்புக்கு லாடம் அடிப்போமே, பழைய போலீஸ்காரர்கள் நடந்தால் 'டக் டக்' என்று கேட்குமே, அதே சங்கதி. ஆணியிலேயே பல வகை உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஜெனெகாண்ட் என்ற நகைத் தொழிலாளி, பல் பல்லாக விளிம்பு கொண்ட கடினமான எஃகு ஆணியைச் செய்தார். அவருடைய பட்டப்பெயரே ஆணிக்கும் பெயராகிவிட்டது: ட்ரிகூனி.

ஆணி பனிக்கட்டியைக் கடிக்கும், ஈரப் புல்லைப் பிடிக்கும். ஆனால் இரும்பு ஆயிற்றே! சூட்டை உள்ளே நிறுத்தாது. காலின் வெப்பம் ஆணி வழியாகப் பனிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடலை 1999-இல் கண்டெடுத்தபோது, வலது காலில் ஆணி அடித்த தோல் பூட்ஸ் அப்படியே இருந்தது. அவரோடு போன இர்வினுடைய பூட்ஸ் 2024-இல் பனியாற்றில் வெளிப்பட்டது. உள்ளே பாதம் இருந்தது. காலுறையில் அவர் பெயர் தைத்த துணித்துண்டு. ஒரு தாய் பிள்ளையின் உடுப்பில் பெயர் தைத்து அனுப்புவது போல. படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது 1935, செப்டம்பர் மாதம். இத்தாலி-ஸ்விட்சர்லாந்து எல்லையிலுள்ள புந்தா ராசிகா என்ற சிகரம். மிலான் நகரத்து மலையேறிகள் ஒரு குழுவாகப் போனார்கள். செங்குத்துப் பாறையில் ஆணி பூட்ஸ் வழுக்கும். அதனால் கனமான பூட்ஸைக் கீழே விட்டுவிட்டு, பாறை ஏறும் மெல்லிய காலணிக்கு மாறிக்கொள்வது அன்றைய வழக்கம். அப்படித்தான் ஏறினார்கள். திடீரென்று பனிப்புயல். பாறையெல்லாம் பனி மூடிவிட்டது. அந்த மெல்லிய காலணியில் இறங்க வழியில்லை, குளிரையும் தாங்க முடியவில்லை. ஆறு பேர் இறந்துபோனார்கள்.

தப்பியவர்களில் ஒருவர் வித்தாலே பிரமானி. பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று இரண்டு காலணி இருப்பதுதானே இத்தனை பேரைக் கொன்றது? இரண்டுக்கும் உதவும் ஒரே அடி வேண்டும் என்று அலைந்தார். டயர் கம்பெனியான பிரெல்லியின் உதவியோடு, ஆணி வைக்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் கட்டைகள் துருத்தும் அடியை 1937-இல் உருவாக்கினார். பீரங்கி வண்டியின் சங்கிலி போல் இருந்ததால் இத்தாலியர்கள் அதற்கு 'கர்ரார்மாதோ', அதாவது டாங்கி, என்றே பெயர் வைத்தார்கள். வித்தாலே பிரமானி என்ற பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்தால் 'விப்ரம்'. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விலையுயர்ந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் எண்கோணத்துக்குள் அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும்.

ரப்பர் சூட்டை வெளியே விடாது, பாறையில் நன்றாக ஒட்டும். ஆனால் இறுகிய பனிக்கட்டியில் வழுக்கும்! ஆணி செய்துகொண்டிருந்த வேலைக்கு வேறொன்று வேண்டும். அதுதான் க்ராம்பான், பூட்ஸின் அடியில் கட்டிக்கொள்ளும் இரும்பு முள் சட்டம். எக்கென்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வரைந்து கொடுக்க, இத்தாலியின் கூர்மாயர் ஊர்க் கொல்லர் கிரிவெல் 1909-இல் பத்து முள்ளோடு அடித்துக் கொடுத்தார். 1929-இல் அதே குடும்பத்து லொரான் கிரிவெல், முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முட்களைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். சின்ன மாற்றம்தான்.

அதன் பலனை 1938-இல் ஐகர் வடக்கு முகத்தில் உலகம் பார்த்தது. ஹாரர் என்பவரிடம் க்ராம்பானே கிடையாது, ஆணி பூட்ஸ் மட்டும். (பின்னாளில் திபெத்தில் ஏழாண்டு வாழ்ந்து புத்தகம் எழுதினாரே, அதே ஹாரர்தான்.) அவருடைய கூட்டாளி காஸ்பரெக்கிடம் பழைய பத்து முள் க்ராம்பான். பனிக்கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்டி வெட்டி ஏறினார்கள். ஒருநாள் பிந்திக் கிளம்பிய ஹெக்மயரும் ஃபோர்கும் புதிய பன்னிரண்டு முள் க்ராம்பானோடு வந்து அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் நால்வரும் ஒன்றாகவே உச்சிக்குப் போனார்கள்.

என் மாணவன் கேட்ட 'மரக்கட்டை' பூட்ஸின் காரணம் இங்கேதான் இருக்கிறது. செங்குத்துப் பனிச்சுவரில் முழு உடம்பும் அந்த இரண்டு முன்முட்களில் நிற்கிறது. அடி வளைந்தால் குதிகால் மேலும் கீழும் ஆடும், கெண்டைக்கால் தசை வெடிக்கும், க்ராம்பானே கழன்றுவிடும். அதனால் பனிச்சுவர் ஏறுகிறவனுக்கு வளையாத அடி. நாள் முழுக்க நடக்கிறவனுக்கோ அதே அடி நரகம்.

இன்னொரு எதிரி குளிர். 1950-இல் அன்னபூர்ணா உச்சியைத் தொட்ட ஹெர்சோக், லாஷெனால் இருவரும் பனிக்கடியில் கால்விரல் அத்தனையும் இழந்தார்கள். லாஷெனால் தொழில்முறை வழிகாட்டி. கால்தான் அவருக்குச் சோறு. கால் மரத்துப்போவதை உணர்ந்து திரும்பிவிடலாமா என்று கேட்டவர் அவர். ஆனாலும் நண்பனைத் தனியே விட மனமில்லாமல் கூடவே போனார்.

1953 எவரெஸ்ட் குழுவுக்கு பிரிட்டனின் காலணித் தொழில் ஆய்வுச் சங்கம் தனி பூட்ஸ் வடிவமைத்தது. குளிர் புகாமல் உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? இலவம் பஞ்சு! நம் தலையணைக்குள் இருக்கிறதே, அதே பஞ்சினம்தான். இலவு காத்த கிளி ஏமாந்தது, எவரெஸ்ட் ஏறியவன் ஏமாறவில்லை. ஆனால் அந்த பூட்ஸையும் ஹிலாரி கடைசி இரவில் கழற்றி வைத்துவிட்டார். சுமார் 8,500 மீட்டர் உயரம். காலையில் பார்த்தால் கல்லாக உறைந்து கிடந்தது. அடுப்பில் காட்டி இளக்குவதற்கு இரண்டு மணி நேரம் போயிற்று. டென்சிங் பூட்ஸோடேயே படுத்திருந்தார். பின்னாளில் வந்த இரட்டை பூட்ஸில் உள்பூட்ஸை மட்டும் தனியே கழற்றி, தூங்கும் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இனி தம்பிக்கு என் பதில். பிரிட்டன் கடைகளில் பூட்ஸுக்கு பி0 முதல் பி3 வரையும், க்ராம்பானுக்கு சி1 முதல் சி3 வரையும் தரம் போட்டிருப்பார்கள். க்ராம்பானின் எண் பூட்ஸின் எண்ணைத் தாண்டக் கூடாது. பி0-வில் க்ராம்பானே கட்டாதே. குளிர்கால நடைக்கு பி1 போதும், செங்குத்துச் சரிவும் கொஞ்சம் பாறையும் உண்டென்றால் பி2. பனிச்சுவர் ஏறத்தான் பி3. கௌரவத்துக்காக அதை வாங்கிக் காலைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பார். குதிகால் எழும்பக் கூடாது, விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, பனிக்கடி அங்கேதான் ஆரம்பிக்கும். யாராவது பழைய பிளாஸ்டிக் பூட்ஸை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வருஷக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் நடுமலையில் ஓடு மாதிரி உடைந்த கதைகள் உண்டு. க்ராம்பானைக் கடையிலேயே பூட்ஸில் மாட்டி, காலை உதறிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.