தானே மூடும் சாளரங்கள்: ஜைரூன் வாயில் முதல் வல்லத்திராக்கோட்டை வரை

ஹிஜ்ரி 580ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1184இல், அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் திமிஷ்கு நகரை அடைந்தார். உமையாப் பெரும் பள்ளிவாசலின் ஜைரூன் வாயிலையொட்டிய சுவரில் அவர் கண்ட ஒரு பொறியமைப்பைத் தம் பயண நூலில் விரிவாக வருணித்துள்ளார். பகலின் மணிகள் எத்தனையோ அத்தனை சிறு கதவுகள் அச்சுவரில் இருந்தன. ஒரு மணி கழியும்போது பித்தளைப் பருந்துகள் இரண்டின் அலகுகளிலிருந்து பித்தளைக் குண்டுகள் கிண்ணங்களில் விழும். அவ்வொலியுடன் அந்த மணிக்குரிய கதவு பித்தளைத் தகட்டால் தானே மூடிக்கொள்ளும். இரவிலோ, செம்பு வட்டங்களில் பதித்த கண்ணாடிகளுக்குப் பின்னால் நீரின் விசையால் சுழலும் விளக்கொன்று ஒவ்வொரு வட்டமாக ஒளியூட்டிச் செல்லும். மக்கள் இதனை ‘மின்ஜானா’ என்று அழைத்ததாகவும் அவர் கூறுகிறார்.

மனிதக் கை படாமல் மூடிக்கொள்ளும் கதவுகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான நேர்முக வருணனைகளுள் இஃதொன்று. ஆயினும் இப்னு ஜுபைர் அக்கூண்டின் உட்புறத்தையும் கவனித்தார் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. உள்ளே ஓர் அறை இருந்தது. அதில் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். கதவுகளை மீண்டும் திறந்து வைப்பதும் குண்டுகளைப் பழைய இடத்தில் சேர்ப்பதும் அவர் வேலை. ‘தானியங்கி’ என நாம் வியக்கும் எதன் பின்னாலும் இத்தகைய ஓர் அறை உண்டு.

அந்தக் கடிகாரத்தைச் சுல்தான் நூருத்தீன் மஹ்மூதின் காலத்தில் அமைத்தவர் முஹம்மது அஸ்ஸாஅத்தீ. அதனைப் பராமரிக்க அவருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. அவர் மறைந்தபின் பொறுப்பேற்றோரால் அதனைச் செவ்வனே நடத்த இயலவில்லை. இறுதியில் மருத்துவராகிய அவர் மகன் ரிள்வான் அதனைப் பழுது நீக்கி, அமைப்பையும் பழுது நீக்கிய முறையையும் 1203இல் ஒரு நூலாக எழுதி வைத்தார். புதிதாக ஒன்றைப் படைத்தவர்கள் நூல் எழுதியது நாம் அறிந்ததே. பழுது பார்த்தவர் நூல் எழுதியது அரிது. இதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1206இல், தியார்பக்ரின் அர்தூகிய அரசவையில் அல்ஜஸரீ தம் பெருநூலை நிறைவு செய்தார். அதிலுள்ள கோட்டைக் கடிகாரத்திலும் மணிக்கொரு கதவு உண்டு. இவர்களுக்கெல்லாம் முன்னோடிகளான பனூ மூஸா சகோதரர் மூவரும் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில் மிதவைகளாலும் அடைப்பிதழ்களாலும் தாமே இயங்கும் ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கினர்.

இந்த ஆற்றலெல்லாம் கடிகாரத்திலும் நீரூற்றிலும் செலவாயின. வீட்டுச் சாளரத்தை எவரும் பொறியிடம் ஒப்படைக்கவில்லை. அதற்குத் தேவை எழவில்லை என்பதே என் கருத்து. சாளரத்தின் சிக்கலை இஸ்லாமிய உலகம் அசைவில்லாமலேயே தீர்த்துவிட்டது. பிறர் இல்லத்தினுள் அனுமதியின்றி நுழையலாகாது என்பது சூரா அந்நூரின் 27ஆம் வசனம். நபி (ஸல்) அவர்களின் அறையினுள் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த ஒருவரிடம், அனுமதி கோரும் விதி ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்னும் கருத்துப்பட அண்ணலார் கண்டித்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. காற்று வரவேண்டும், கண் வரலாகாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றியது கடைசல் மரத்தாலான ‘மஷ்ரபிய்யா’. குடித்தல் என்னும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லோடு இப்பெயரை இணைப்பர். நீர்க்குடங்கள் குளிர அங்கே வைக்கப்பட்டன. கெய்ரோவில் 1648இல் கட்டப்பெற்ற பைத்துஸ் ஸுஹைமியில் இதன் அழகை இன்றும் காணலாம். வெளிச்சத்தை அடக்குதல், காற்றோட்டம், வெப்பத் தணிப்பு, ஈரப்பதம், மறைவு என ஐந்து பணிகளை ஒரே மரத்தட்டி செய்வதாகக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ விளக்கினார்.

இந்தியாவில் மரம் கல்லாயிற்று. அகமதாபாத்து சீதி சையது பள்ளிவாசலின் கற்சாளரங்கள் 1573 அளவில் முற்றுப்பெற்றவை. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்துக் கோடையைத் தணிக்கும் வழக்கம் அக்பரின் ஆணையால் பரவியதை அபுல் ஃபஸல் ‘ஆயினே அக்பரீ’யில் பதிந்துள்ளார். மேலைநாட்டார் பலகைச் சட்டமிட்ட சாளரக் கதவைப் பாரசீகத்தின் பெயரால் ‘பெர்சியன்’ என்றும் ‘பெர்சியானா’ என்றும் அழைப்பது, இச்சரக்கு எத்திசையிலிருந்து வந்ததாக அவர்கள் கருதினர் என்பதற்குச் சான்று.

பொறியும் தட்டியும் ஒன்றுசேர இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987இல் பாரிஸில் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனத்தின் தென்முகத்தில் ழான் நூவெல் தம் குழுவினருடன் 240 உலோகச் சட்டங்களை நிறுவினார். ஒளியுணர் கருவியின் கட்டளைப்படி, புகைப்படக் கருவியின் கண்போல் சுருங்கி விரியும் வளையங்களால் ஆன மஷ்ரபிய்யா அது. ஆகா கான் கட்டடக்கலை விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் நுண்ணிய உறுப்புகள் மிகப் பல. அவை பழுதாகி ஆண்டுக்கணக்கில் அசைவற்று நின்றன. முப்பதாண்டு நிறைவையொட்டி 2017இல்தான் அவை சீரமைக்கப்பட்டன. திமிஷ்கின் கதை பாரிஸிலும் நிகழ்ந்தது என்பேன். 2012இல் நிறைவுற்ற அபூதாபியின் அல்பஹ்ர் கோபுரங்களோ ஒளியுணர் கருவியை மட்டும் நம்பவில்லை; கதிரவனின் இருப்பைக் கணித்து வைத்த நிரலின்படி அவற்றின் குடை வடிவத் தட்டிகள் விரிகின்றன. பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் கணித்த ‘முவக்கித்’தின் பணியே இது. 1371இல் உமையாப் பள்ளியின் மினாராவுக்கு நிழற்கடிகாரம் அமைத்த இப்னுஷ் ஷாத்திர் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் என் உறவினர் இல்லம் ஒன்று மேற்கு நோக்கியது. அஸர் வேளையில் கூடத்தின் மூன்று சாளரங்களிலும் வெயில் நேராக விழும். முதிய மாமிக்கு எழுந்து சென்று தட்டியை இறக்க இயலாது. இறக்க வரும் பிறருக்காக அவர் காத்திருக்க விரும்புவதுமில்லை. தம் மறைவைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள அவர் விரும்பியதே இந்த ஆய்வுக்கெல்லாம் தொடக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் மின்விசை பொருத்தலாம் என்றான். சுவரை உடைக்கலாகாது என்பது மாமியின் நிபந்தனை.

பழைய மின்கம்பி அமைப்பு இங்கேதான் பேசத் தொடங்குகிறது. விளக்குச் சுவிட்சு மட்டும் உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் ஃபேஸ் கம்பி மட்டுமே இருக்கும். நியூட்ரல் நேரே விளக்குக்குச் சென்றுவிடும். சாக்கெட் உள்ள பெட்டியிலோ ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் கிடைக்கும். தட்டியின் உருளைக்குள் அடங்கும் குழாய் மோட்டாருக்கு நான்கு கம்பிகள் தேவை: நியூட்ரல், எர்த், ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் மின்பெறின் மோட்டார் கெடும். ஆகவே ஒன்று இயங்கும்போது மற்றொன்றைத் தடுக்கும் இரட்டைச் சுவிட்சு இன்றியமையாதது. சாதாரண விளக்குச் சுவிட்சுகள் இரண்டை அருகருகே வைத்து ஒப்பேற்றுவது பெரும் பிழை. மூன்று மோட்டார்களை ஒரே சுவிட்சில் நேரடியாக இணைப்பதும் தவறு. ஒன்றின் மின்தேக்கி வழியே மற்றொன்றுக்கு மின்சாரம் திரும்பிப் பாயும். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே வேண்டும். வானொலி அலையை ஏற்கும் மோட்டாராயின் இத்தொல்லை குறைவு. சாக்கெட்டிலிருந்து மூன்று கம்பிகள் போதும், கட்டளை சுவரினூடே செல்லும். உள்ளே தொங்கும் திரை வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின்பே தடுக்கும். வெப்பம் அறைக்குள் நின்றுவிடும். மஷ்ரபிய்யா சுவருக்கு வெளியே நின்றதன் காரணமும் அதுவே. எனவே வெளித்தட்டியே முடிவாயிற்று.

கதிரவனின் மறைவைக் கணித்து இயங்கும் நேரக்கருவியைப் பேரன் முன்மொழிந்தான். எந்த அஸர் என்று மாமி கேட்டார். நிழல் ஒரு மடங்கா, ஹனஃபீ முறைப்படி இரு மடங்கா? கருவியிடம் விடை இல்லை. கடிகார மணியைத்தான் குறிக்க வேண்டியதாயிற்று.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியதையும், மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததையும் மாமி மறக்கவில்லை. மின்சாரம் இல்லாதபோது இறங்கிய தட்டி இறங்கியபடியே நின்றால் வீடு சிறையாகும் என்றார். கைப்பிடியைச் சுழற்றி ஏற்றவல்ல மோட்டார்களே வாங்கப்பட்டன. அக்கைப்பிடி இப்போது கூடத்துத் தூணில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. எட்டும் உயரம் எது என்பதை மாமியே நின்று காட்டினார்.