பர்மாத் தேக்கு வந்த வழி

வீட்டுக்கு மரத்தளம் போட நினைக்கிறவர்கள் காரைக்குடியில் என் பட்டறைக்கு வந்ததும் கேட்பது, "பர்மாத் தேக்கு இருக்கா?" என்றுதான். பலகையைக் காட்டுவதற்கு முன் அது வந்த கதையைச் சொல்லிவிடுவேன். மரத்தின் தரம் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதியின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் பயிரிட்ட குடியானவர்களுக்கு, செட்டிநாட்டு வணிகர்களான நம் நகரத்தார் கடன் கொடுத்தார்கள். அந்த வட்டிப் பணம் செட்டிநாட்டில் வீடுகளாக எழுந்தபோது, தேக்கும் கப்பலேறி வந்தது. கீழே ஆத்தங்குடிக் கல் பாவினார்கள். தூண், நிலை, உத்தரம், மச்சுப் பலகை எல்லாம் பர்மாத் தேக்கு.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டிலேயே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும், உள்ளே இருக்கும் வைரம் தெரியும்வரை வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காயவிட்டார்கள். பிறகு சாய்த்த மரத்தை யானைகள் ஓடைக்கு இழுத்து வந்தன. மழை வெள்ளம் அதை ஆற்றில் சேர்த்தது. தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்கவிட்டார்கள். மழை பொய்த்தால் மரம் மறுவருஷம் வரை ஓடையிலேயே கிடக்கும். இத்தனை நிதானமாகக் காய்ந்த மரம், வாள் படும்போது எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை.

இந்த மரத்துக்காக ஒரு நாடே கைமாறியது. 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா வணிகக் கழகம், கணக்குக் காட்டாமல் மரம் வெட்டியதாக மேல் பர்மாவை ஆண்ட மன்னர் தீபாவின் அரசு பெரும் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் 1885இல் அவர் தலைநகரான மாண்டலேயைப் பிடித்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது நகரத்தார் பலர் அங்கிருந்த நிலபுலனை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டன. அந்த உத்தரங்களைத்தான் நான் வாங்கிப் பலகையாக அறுக்கிறேன்.

2014 ஏப்ரலில் மியன்மார் (பழைய பர்மா) அறுக்காத மர ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அந்த அளவுக்குக் காடு அழிந்திருந்தது. அதனால் புதிதாக இறக்குமதியான தேக்கு கேட்பவர்களிடம், வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

பழைய மரத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஓரத்தில் வெளுத்த வெளிமரம் இருந்தால் செதுக்கித் தள்ளுங்கள். கரையான் முதலில் ஏறுவது அங்கேதான். ஆணித்துளை இருந்தால் ஒதுக்காதீர்கள், அதே மரத்துண்டால் அடைத்துக்கொள்ளலாம். அறுத்த பலகையைத் தளம் போடும் அறையிலேயே சில வாரம் அடுக்கி வைத்து, அந்த ஊர்க் காற்றுக்குப் பழகவிடுங்கள். ஒரு காட்டின் விலையை முன்னோர் காலத்திலேயே கொடுத்தாயிற்று. இன்னொரு காட்டை அழிக்காமலே நம் வீட்டுக்குத் தளம் போட முடியும்.